பனிமுகி ஏன் விளக்கை அணைத்தாள்?

ஒரு கல்யாணம் நின்றுபோக என்னென்ன காரணங்கள் இருக்க முடியும்? ஜாதகம் பொருந்தவில்லை. மாப்பிள்ளைக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு மனைவி. நிச்சயதார்த்தப் பந்தியில் பெரியமாமாவுக்கு அப்பளம் வைக்க மறந்துவிட்டார்கள்... நீங்களும் நாலைந்து சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால், இந்த உலகத்தில் இல்லவே இல்லாத ஒரு மந்திரக்காரியால் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்ததைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

நான் கேள்விப்படவில்லை. கண்ணால் பார்த்தேன். அதுவும் சமீபத்தில், இங்கே கொச்சி மட்டாஞ்சேரியில், எங்கள் தெருவிலேயே.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மழை சற்றே விட்டிருந்தது. அந்த இடைவெளியில் ஈரத்துணிகளைக் கொடிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். கோமதி வந்தாள். என் சிநேகிதி. சுக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறவள். அவள் சிரித்தால் படகுத்துறை வரைக்கும் கேட்கும். அன்று சிரிக்கவில்லை. குடையைக்கூட மடக்காமல் வாசலிலேயே நின்று சொன்னாள்:

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்டீ."

கையில் இருந்த துணி மண்ணில் விழுந்தது.

"ஏன்? வேலாயுதம் அண்ணன் ஏதாவது சொன்னாரா?"

"என்னைச் சொல்லலை. பனிமுகியைச் சொன்னாரு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. உங்களுக்குப் புரிந்திருக்காது. பனிமுகியைத் தெரியாதவர்களுக்காக ஒரு நிமிஷம் — தெரிந்தவர்கள் சண்டைக்கு வராமல் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வாரப் பத்திரிகையில் ஒரு மாயாஜாலத் தொடர்கதை வந்துகொண்டிருக்கிறது. (எந்தப் பத்திரிகை என்று எழுதினால் நம் ஆசிரியர் சிவப்பு மசியால் அடித்துவிடுவார்.) கடலுக்கு நடுவே ஒரு ராஜ்யம். சிறகு முளைத்த குதிரைகள். பேசும் படகு. ஓர் இளவரசன் — அழகு உண்டு, வீரம் உண்டு, மூளை மட்டும் கொஞ்சம் தாமதம். அந்த ராஜ்யத்தின் துறைமுகத்தில் ஒரு கலங்கரை விளக்கம். அதன் தீபம் அணைந்ததே கிடையாது. அதைக் காவல் காப்பவள்தான் பனிமுகி. மந்திரம் தெரிந்தவள். வயது முந்நூறு; பார்த்தால் இருபது. அதிகம் பேச மாட்டாள்.

இளவரசன் வனவாசம் முடிந்து கப்பலில் திரும்பி வருகிறான். கடல் முழுக்க மூடுபனி. அந்த விளக்கைப் பார்த்துத்தான் மாலுமிகள் துறைமுகத்துக்குள் வரவேண்டும். கப்பலின் பாய் தூரத்தில் தெரிகிறது. அப்போது...

'பனிமுகி விளக்கை ஊதி அணைத்தாள். இருட்டில் கடலைப் பார்த்தாள். "இனி வரட்டும்" என்றாள்.'

அவ்வளவுதான். 'தொடரும்' என்று போட்டுவிட்டார் கதாசிரியர்!

ஏன் அணைத்தாள்? அடுத்த வாரம் சொல்லிவிடுவார் என்று நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தோம். அடுத்த வாரம் குதிரைச் சண்டை. அதற்கடுத்த வாரம் பேசும் படகின் முற்பிறவிக் கதை. பனிமுகி இருக்கும் திசைக்கே மனிதர் திரும்பவில்லை. பத்திரிகை தபாலில் வரும் ஊர்களில் எல்லாம் ஜனங்கள் என்ன செய்தார்களோ தெரியாது. மட்டாஞ்சேரியில் நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தோம்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்குள்ள தமிழர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாயில் இருக்கிறது, கண்ணில் இல்லை. தமிழில் கொஞ்சுவார்கள், தமிழில் திட்டுவார்கள், பேரம் பேசுவார்கள். படிப்பது மட்டும் மலையாளம். பள்ளிக்கூடம் அப்படி. ஆகவே தொடர்கதையை யாராவது ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். தெருவுக்கு வருவது இரண்டே பிரதி. ஒன்று காதர் இக்காவின் சாயாக்கடைக்குப் போகிறது. மற்றொன்று எனக்கு.

நான் வாசிப்பது கிடங்கின் முற்றத்தில். அப்பா அங்கே தராசு பார்க்கிறார். நானோ பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, கண்ணில் படுகிற வேலைக்கெல்லாம் மனுப் போட்டுவிட்டு, மிச்ச நேரத்தில் உங்களுக்கு இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருப்பவள். மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவேன். முற்றம் முழுக்கச் சுக்கு பரப்பியிருக்கும். பெண்கள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து, நல்லதை ஒரு பக்கம், பூச்சி அரித்ததை ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருப்பார்கள். கை வேலை செய்யும். காது சும்மாதானே இருக்கிறது? நான் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவே வாசிப்பேன்.

சாயாக்கடையில் வாசிப்பது வேலாயுதம். கோமதிக்கு நிச்சயம் செய்திருக்கும் மாப்பிள்ளை. தென்காசிப் பக்கம். வெலிங்டன் தீவில் டேலி கிளார்க் — கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிச் சரிபார்க்கிறவர். சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவர் என்பதால், சனிக்கிழமை சாயங்காலம் படகை விட்டு இறங்கியதும் கடை பெஞ்சில் உட்காரவைத்துப் பத்திரிகையைக் கையில் திணித்துவிடுவார்கள்.

ஆக, கதை ஒன்றுதான். எழுத்து ஒன்றுதான். ஆனால் கேட்ட பெண்கள் எல்லாரும் பனிமுகி தெய்வம் என்றார்கள். கேட்ட ஆண்கள் எல்லாரும் பனிமுகி துரோகி என்றார்கள்!

காதர் இக்காவின் மனைவி ரஹ்மத் அக்கா எங்கள் கிடங்கில்தான் சுக்குப் பிரிக்கிறார். அந்த வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

"எதிரி ராஜாகிட்ட கைக்கூலி வாங்கிட்டா. வேற என்ன? விளக்கு அணைஞ்சா கப்பல் பாறையில இடிக்கும். கொச்சியில பொறந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா?" — இக்கா.

"கொச்சியில பொறந்து என்ன பிரயோஜனம்? விளக்கு இல்லேன்னா எந்தக் கப்பலாவது உள்ளே வருமா? வெளியிலேயே நங்கூரம் போட்டுட்டு விடியுற வரைக்கும் கிடக்கும். உள்ளே எதிரி ஒளிஞ்சிருக்கான். இவனை வெளியிலேயே நிறுத்திக் காப்பாத்துறா அந்தப் பொண்ணு!" — அக்கா.

"அப்போ 'இனி வரட்டும்'னு எதுக்குச் சொன்னா?"

"விடிஞ்ச பிறகு வரட்டும்னு சொன்னா. உங்க மூளைக்கு எட்டாது. சாயா ஆத்துங்க, போங்க."

இரண்டு பேரும் சொல்வது துறைமுக நியாயம். இரண்டும் சரிதான். அன்று ராத்திரி இக்காவுக்கு மீன் வால்தான் கிடைத்தது என்று கேள்வி.

சரி, ஊர்ச் சண்டை இருக்கட்டும். இதில் கோமதியின் கல்யாணம் எங்கே வந்தது?

இங்கேதான் உங்களுக்கு ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். இப்போது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டதால் எழுதுவதில் தப்பில்லை. கல்யாணம் ஆவணியில் என்றுதான் முதலில் பேசியிருந்தார்கள். கோமதி, "ஆவணி வேண்டாம், தையில வெச்சுக்கலாம்" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "பிறகு சொல்றேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் அம்மாவுக்கே காரணம் தெரியாது.

காரணம், டைப்ரைட்டிங். சாயங்காலங்களில் திருப்பூணித்துறையில் சித்தி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, தோப்பும்படியில் பஸ் பிடித்துப் போய், அதே ஊரில் ஓர் இன்ஸ்டிட்யூட்டில் டைப் கற்றுக்கொண்டிருந்தாள். சித்தி மட்டும் கூட்டு. ஒரு தடவை பரீட்சை எழுதிக் கோட்டை விட்டாகிவிட்டது. மறுபடி எழுத வேண்டும். பாஸாகிவிட்டால் சுக்குத் தூசியை உதறிவிட்டு ஏதாவது ஆபீஸில் உட்காரலாம். பாஸாகாவிட்டால்? "சுக்குப் பொறுக்குறவளுக்கு டைப்பு கேக்குதோ" என்று தெரு சிரிக்கும். அதனால் வாயைத் திறக்கவில்லை. என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை திருப்பூணித்துறையிலிருந்து திரும்பும்போது சாயாக்கடையைத் தாண்டி வந்திருக்கிறாள். உள்ளே வேலாயுதம் பழைய அத்தியாயத்தை, எல்லாரும் கேட்டுக்கொண்டதற்காக, திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாராம். குரலைக் கேட்டு வெளியே நின்றிருக்கிறாள்.

"எப்படி வாசிச்சாரு தெரியுமா? 'இனி வரட்டும்'... அப்புறம் ஹா ஹா ஹான்னு ஒரு சிரிப்பு. என் முதுகெல்லாம் சில்லிட்டுப் போச்சு. கதையில சிரிப்பு இருக்காடீ?"

"இல்லையே."

"இல்லாத சிரிப்பை இவரு எங்கேருந்து கொண்டுவந்தாரு? மனசுல இருந்துதானே? தீவுல வேலை பார்க்கிற ஆளு. விளக்கு இல்லேன்னா கப்பல் வெளியே நிக்கும்னு இவருக்குத் தெரியாதா? தெரிஞ்சும் அவளைக் கெட்டவளாக்குறாரு. ஒரு பொண்ணு காரணம் சொல்லாம ஒரு காரியம் செஞ்சா, அவ துரோகி. அதானே இவரு கணக்கு?"

அவள் இன்னும் முடிக்கவில்லை.

"அப்போ ஒருத்தன் சொல்றான், 'வேலாயுதம், உன் கல்யாணத்தையும் ஒருத்தி தள்ளிப் போட்டிருக்காளே, அவ மனசுல என்ன இருக்கோ'ன்னு. கடையே சிரிக்குது. இவரும்... இவரும் சேர்ந்து சிரிச்சாருடீ."

அதுதான் உறைத்திருக்கிறது. பனிமுகிக்காக யாராவது இவ்வளவு கோபப்படுவார்களா? அவள் கேட்டது பனிமுகிக்கு வந்த தீர்ப்பை இல்லை. தனக்கு வந்த தீர்ப்பை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட சொல்லிருவேன். வேண்டாம்னு சொல்லிருவேன்" என்று குடையைப் பிடித்துக்கொண்டே போய்விட்டாள். மழை நின்றுபோய் வெகுநேரம் ஆகியிருந்தது என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

என்னால் சும்மா இருக்க முடியுமா? என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. மறுநாள் காலையில் சாயாக்கடை வாசலில் போய் நின்றேன்.

"எந்தா மோளே, இவிடெ?" என்று காதர் இக்கா சாயா ஆற்றுவதை நிறுத்தினார். "வாப்பாவுக்குச் சாயாவா?"

"இல்ல இக்கா. வேலாயுதம் அண்ணன்கிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும்."

"பனிமுகியா? அதுல சந்தேகமே வேண்டாம். கைக்கூலி!"

வேலாயுதம் வெளியே வந்தார். நல்ல உயரம். மெதுவான பேச்சு. பெண்களோடு பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். என்னிடம் பேசியபோது முழுக்க முழுக்க என் குடைக் காம்பைத்தான் பார்த்தார். இந்த மனிதரா அப்படிச் சிரித்தார்?

நேராகவே கேட்டுவிட்டேன். "அண்ணே, பனிமுகி கெட்டவளா?"

"தெரியலையே தங்கச்சி."

"தெரியாமத்தான் அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு போட்டீங்களா?"

"எந்தச் சிரிப்பு?"

"ஹா ஹா ஹா!" — நான் செய்து காட்டினேன். உள்ளே ஒரு கண்ணாடி டம்ளர் உருண்டது.

அவர் முகம் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் குடைக் காம்பையே பார்த்துவிட்டு, ரொம்ப மெல்லிய குரலில் சொன்னார்: "பொம்பளக் குரலுன்னா எனக்கு அது ஒண்ணுதான் வரும்."

"என்னது?"

"எங்க ஊருல கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாடகம் போடுவோம். படிக்கும்போது எனக்கு அரக்கி வேஷம் குடுத்தாங்க. வருஷா வருஷம் அரக்கிதான். அந்தக் குரலு தொண்டையில அப்படியே தங்கிட்டு. இப்ப பொம்பள பேசுத எடம் வந்தா, தன்னால அங்க போயிருது. பேச்சு முடிஞ்சா சிரிப்பும் சேந்தே வந்துருது. ரெண்டையும் பிரிக்கத் தெரியல."

"பனிமுகிக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான்."

"ராஜமாதாவுக்கு?"

"அரக்கிதான்."

"குதிரைக்குப் புல் அறுக்கிற அந்த நல்ல பொண்ணுக்கு?"

தலையைக் குனிந்துகொண்டார். என்னால் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. யோசித்துப் பாருங்கள்! ஒரு சாயாக்கடை முழுக்க, வாராவாரம் உட்கார்ந்து, ஒரு பெண்ணின் உள்மனதை அலசி ஆராய்ந்து, கைக்கூலி, துரோகம், சதி என்று தீர்ப்பு எழுதியிருக்கிறது. ஆதாரம்? தென்காசிப் பக்கத்துக் கோயில் கொடையில் யாரோ ஓர் அண்ணாச்சி சொல்லிக்கொடுத்த ஒரு சிரிப்பு!

கோமதி வெளியே நின்று கேட்டதைச் சொன்னேன். கேலிக்கு அவரும் சேர்ந்து சிரித்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சிவப்பு அப்படியே வடிந்துவிட்டது.

"சிரிச்சேன்தான்" என்றார். "வேற என்ன செய்ய, தங்கச்சி? அத்தன பேரு முன்னால அழவா முடியும்?"

பிறகு அவரே கேட்டார்: "அவ ஏன் ஆவணி வேண்டாம்னா... ஒங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"தெரிஞ்சாலும் நான் சொல்ல முடியாதுண்ணே."

"ஆமா. அது அவ சொல்ல வேண்டியது" என்றார். அந்த ஒரு வரியில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கிடங்குக்கு வந்து வாசிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் கிடங்கில் என் பெருமை தாங்க முடியவில்லை. கோமதி தராசுப் பக்கம் போயிருந்தாள். மற்ற பெண்களிடம் அரக்கிக் கதையை நடித்தே காட்டினேன். எல்லாரும் சுக்கின்மேல் விழுந்து சிரித்தார்கள். மேரி சேச்சி மட்டும் சிரிக்கவில்லை.

மேரி சேச்சிக்குத் தமிழ் அரைகுறை. கதையில் பாதி வார்த்தை புரியாது. ஆனாலும் ஒரு வாரம் விடாமல் கேட்பார். வீடு வேறு சாயாக்கடைக்குப் பின்னால். அங்கே வாசிப்பதும் சுவர் வழியாகக் காதில் விழும்.

"அவன் வாயிச்சா அவள் யட்சி. சரி" என்றார் மேரி சேச்சி. "நீ வாயிச்சா அவள் மாதாவு. அது எந்தா அங்ஙனே?"

"நான் என்ன செஞ்சேன் சேச்சி? உள்ளதை உள்ளபடி வாசிச்சேன்."

"உள்ளபடியோ? 'இனி வரட்டும்' எந்நு பறஞ்ஞப்போ நீ கரஞ்ஞில்லே? கண்ணு நிறைஞ்ஞு... ஒச்சை இடறி... ஞானும் கூடெ கரஞ்ஞு!"

"ஆமா, ஆமா!" என்றார் ரஹ்மத் அக்கா. "நீ அழுததைப் பார்த்துத்தானே எனக்கே தோணிச்சு, இவ அவனைக் காப்பாத்தத்தான் அணைச்சிருக்கான்னு!"

நான் அழுதேனா? எப்போது? முற்றத்தைப் பார்த்தேன். அந்த அத்தியாயம் வாசித்த வாரம் புது லோடு வந்திருந்தது. சல்லடையில் போட்டு ஆட்டியிருந்தார்கள். மூக்கு அடைத்து, கண்ணில் நீர் கொட்டி, குரல் கம்மி...

"சேச்சி, அது அழுகையில்ல. சுக்கு!"

அங்கே அரக்கி. இங்கே சுக்குத் தூசி. நடுவில் பாவம், பனிமுகி! விஷயம் என்னவென்றால், நானும் என் குரலையே கேட்டு, அவள் நல்லவள்தான் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன்.

ரஹ்மத் அக்காதான் முதலில் சமாளித்துக்கொண்டார். "சுக்கோ என்னவோ, அவ நல்லவதான். கப்பல் வெளியிலதான் நிக்கும்." கட்சி மாறுவது அவ்வளவு லேசா?

சனிக்கிழமை வந்தது. வேலாயுதமும் வந்தார். வெள்ளைச் சட்டை. கையில் சுருட்டிய பழைய பத்திரிகை. முற்றத்தில் அத்தனை பெண்களைப் பார்த்ததும் வாசல்படியிலேயே நின்றுவிட்டார். அப்பா தராசைவிட்டு எழுந்து வந்து, "உள்ள போங்க தம்பி, கடிக்க மாட்டாங்க" என்று தள்ளிவிட்டார்.

கோமதி நிமிரவே இல்லை. சுக்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிட வேகமாக.

"மூட்டையில ஏறி உக்காருங்க" என்றார் ரஹ்மத் அக்கா. "அரக்கி வேண்டாம், கேட்டோ. உங்க சொந்தக் குரல்ல வாசிங்க."

மேரி சேச்சி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு தயாரானார்.

வேலாயுதம் வாசித்தார். முதல் பத்தியில் குரலே எழும்பவில்லை. மூட்டை எண்ணுவது மாதிரி ஒரே சீராக வாசித்தார். மூடுபனி — ஒன்று. கப்பலின் பாய் — இரண்டு. பனிமுகி வந்த இடத்தில் தொண்டை பழைய வழியில் போகப் பார்த்தது, பிடித்து நிறுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது எனக்கே தெரிந்தது. அதற்குள் சுக்குத் தூசியும் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. ஒரு தும்மல். இன்னொன்று. 'விளக்கை ஊதி அணைத்தாள்' என்ற இடத்தில் இரண்டு கண்ணிலும் நீர் வழிந்து, குரல் கம்மி...

"பாத்தியா! அவரும் அழுறாரு!" என்று ரஹ்மத் அக்கா என் தொடையைக் கிள்ளினார். மேரி சேச்சி மூக்கை உறிஞ்சினார்.

அப்பாடா, காரியம் முடிந்தது என்று நான்கூட நினைத்தேன். ஆனால் கோமதி எத்தனை வருஷமாக அந்த முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறாள்? அவளுக்குச் சுக்கு எது, அழுகை எது என்று தெரியாதா? எழுந்து போனாள். பானையிலிருந்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"முகத்தைக் கழுவுங்க. அப்புறம் வாசிங்க."

கழுவினார். சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். கடைசி வரியை வாசித்தார்: "இனி வரட்டும் என்றாள்."

சிரிப்பும் இல்லை. அழுகையும் இல்லை. வெறும் வரி. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இப்போ எனக்கு ஒண்ணும் புரியலியே!" என்றார் ரஹ்மத் அக்கா, ரொம்ப வருத்தமாக.

கோமதி நின்ற இடத்திலிருந்தே கேட்டாள். "சொல்லுங்க. அவ ஏன் அணைச்சா?"

இதுதான் பரீட்சை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கைகள் நின்றன. தராசுச் சங்கிலிகூட ஆடவில்லை. 'காப்பாத்தத்தான் அணைச்சா' என்று சொல்லிவிடேன் ஐயா! ரஹ்மத் அக்கா வாயசைத்துச் சொல்லிக்கொடுத்தே பார்த்தார். "நங்கூரம்... நங்கூரம்..."

வேலாயுதம் அதைக் கவனித்தாரா தெரியாது. பத்திரிகையை மறுபடி பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"தெரியலை" என்றார். "இதுல எழுதலை. நாமளா ஒண்ணு சொல்லிக்கிடலாம். ஆனா அவ சொல்லலை. அந்த எளவரசன் கரைக்கு வந்து அவகிட்டயே கேட்டாத்தான் உண்டு."

சொல்லி முடித்ததும் அப்படியே நின்றுவிட்டார். தான் சொன்னது தன் காதிலேயே அப்போதுதான் விழுந்த மாதிரி. முதன்முறையாக நிமிர்ந்து கோமதியின் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க... நீங்க ஏன் ஆவணி வேண்டாம்னு சொன்னீங்க?"

"இத்தனை நாள் கேக்கலையே?"

"கேட்டா, சந்தேகப்படுதான்னு நெனச்சிருவீங்களோன்னு பயந்துட்டேன்."

"கேக்காததுனால, முடிவே பண்ணிட்டீங்கன்னு நான் நெனச்சேன்."

மேரி சேச்சி என் காதில், "எந்தா பறஞ்ஞது? எந்தா?" என்று குடைந்துகொண்டிருந்தார்.

கோமதி சொல்லிவிட்டாள். அத்தனை பேர் முன்னால். திருப்பூணித்துறை, இன்ஸ்டிட்யூட், கோட்டை விட்ட பரீட்சை எல்லாவற்றையும். சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது. அது சுக்கு இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. யார் சிரிப்பார்கள் என்று இவ்வளவு நாள் பயந்தாளோ, அந்தப் பெண்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். ரஹ்மத் அக்கா மட்டும், "எடீ கள்ளி! சித்திக்கு மூட்டுவலின்னு சொல்லி என்கிட்டயே தைலம் வாங்கிட்டுப் போனியே!" என்றார்.

வேலாயுதம் கேட்டார். "பரீட்சை எப்ப?"

"தைக்கு முன்னால."

"பாஸாகலேன்னா?"

"மறுபடி எழுதுவேன்."

"கல்யாணத்துக்கு அப்புறமுமா?"

"அப்புறமும்."

"சரி" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "பஸ்ஸ விட்டு எறங்கித் தனியா வர வேண்டாம். தோப்பும்படியில நான் நிக்கேன்" என்றார்.

அப்போதுதான் கோமதி சிரித்தாள். படகுத்துறை வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்று சாயங்காலம் சாயாக்கடையிலும் வேலாயுதம் சொந்தக் குரலில்தான் வாசித்தாராம். கடையில் கலவரம். "அரக்கி எங்கேடா? இது என்ன, நியூஸா வாசிக்கிறே?" என்று கத்தியிருக்கிறார்கள். ஆனால் வாசித்து முடித்தபின் யாரும் உடனே எழுந்து போகவில்லையாம். காதர் இக்கா வீட்டுக்குப் போனவர், சாப்பிட உட்கார்ந்ததும் மெல்லக் கேட்டாராம்: "ரஹ்மத்தே, வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் மீன் குழம்பில உப்பு கம்மியா இருக்கு?"

"உப்பு சரியா இருந்தா மூணு தடவை சோறு கேக்குறீங்க. அப்புறம் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிஞ்சு கூட்டம் வர்ற நேரத்துல கடையில உக்காந்து தூங்குறீங்க. இத்தனை வருஷத்துல இப்பத்தான் கேக்கத் தோணிச்சா?"

பாருங்கள், ஒருவர் மனதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க நாம் என்னவெல்லாம் செய்கிறோம்! நடையைப் பார்க்கிறோம், பார்வையை அளக்கிறோம், பேசாமல் விட்டதற்குப் பொருள் சொல்கிறோம், கட்சி கட்டிச் சண்டை போடுகிறோம். எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளிடம் "ஏன்?" என்று கேட்பது மட்டும் கடைசியாகத்தான் தோன்றுகிறது. கதையில் வருகிறவர்களைக் கேட்க முடியாது. ஊகிக்கலாம், அதில் ஒரு சுகம்கூட இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறவர்களையும் கதையில் வருகிறவர்கள் மாதிரியே நடத்துகிறோமே, அது எதற்கு?

பனிமுகி விஷயம் இன்னும் தீரவில்லை. இந்த வாரமும் குதிரைதான் வந்திருக்கிறது.

கோமதி கல்யாணம் தையில் நிச்சயம். மாப்பிள்ளைக்கு இப்போது கேட்கிற பழக்கம் நன்றாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. தோப்பும்படி பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு ஏன், எதற்கு, எப்போது என்று கேள்விமேல் கேள்வியாம். அவளும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்... எல்லாமே உண்மைதானா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்!